உஷார்! கடைத்தரையை ஒரு தடவை பாருங்கள்

உஷார்!

இதைப் படிக்கும்போதே ஒரு நிமிஷம் எழுந்து போய் உங்கள் கடையின் பின்பக்கத்தைப் பாருங்கள். அரிசி மூட்டை எங்கே இருக்கிறது? எண்ணெய் டின்? மாவரைக்கும் மோட்டார்? ஃப்ரீசர் பிளக் சுவரில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? ரசீதெல்லாம் மேசையின் எந்த டிராயரில்?

தரையில். தரையில். தரையில். முட்டிக்குக் கீழே. கீழ் டிராயரில்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். கோல சிலாங்கூர் வட்டாரத்தில், புக்கிட் பெலிம்பிங்கில் இருந்து புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, இந்தப் பக்கம் தஞ்சோங் காராங் வரைக்கும் நம் ஆட்கள் கடைகளில் ஏறி இறங்கியவள் நான். நானும் 12 வருஷமாகக் கேட்டரிங் செய்கிறவள். எல்லார் கடையும் ஒரே மாதிரிதான். சாமி படம் மட்டும்தான் உயரத்தில் இருக்கும்.

குளிர் நாட்டுக் கடைக்காரனைப் பாருங்கள். பனி விழும் முன்பே, வாசல் வழுக்காமல் இருக்கத் தெளிப்பதற்கு உப்பு மூட்டை வாங்கி வைத்துவிடுவான். தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்காமல் துணி சுற்றி வைப்பான். அவனுக்குப் பனி எப்படியோ அப்படித்தான் நமக்கு ஆண்டுக்கடைசி மழை. வித்தியாசம் ஒன்றுதான். அவன் தயாராக இருக்கிறான். நாம் "இது கிளந்தான் மழை, இங்கே வராது" என்று சொல்லிவிட்டுத் தேநீர் ஆற்றுகிறோம்.

அந்த வாக்கியத்தைச் சொன்ன ஒரு அம்மாவின் கதையைக் கேளுங்கள்.

பெயர் சொல்ல மாட்டேன். ஊரும் வேண்டாம்; ஊரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். இந்த வட்டாரம்தான். தோட்டத்து லயத்தில் பிறந்து, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயத்தை உடைத்ததும் டவுன் பக்கம் வந்தவர். வாடகைக் கடையில் மசாலா அரைக்கும் மில். மிளகாய், மல்லி, மஞ்சள், முறுக்கு மாவு. தீபாவளிக்கு முறுக்கு ஆர்டர், பொங்கலுக்குப் பலகாரம், தைப்பூசத்துக்கு அன்னதானக்காரர்களுக்கு மூட்டைக் கணக்கில் மசாலாத்தூள். கெட்டிக்காரி. கடனை நேரத்துக்குக் கட்டுகிறவர்.

2021 டிசம்பர். தீபாவளி நல்ல வியாபாரம். கோவிட் அடைப்புக்குப் பிறகு வந்த முதல் நல்ல சீசன். கையில் வந்த காசையெல்லாம் பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் சரக்காக வாங்கிப் போட்டுவிட்டார். பொங்கல் ஜனவரி 14, தைப்பூசம் 18. நாலே வாரம். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. சனிக்கிழமை காலையிலும் விடவில்லை. மதியமும் விடவில்லை. கணவர் லாரி ஓட்டுநர். கிள்ளான் பக்கம் மாட்டிக்கொண்டார். ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் வீட்டுக்கூரை மேல் ஆட்கள் நிற்கிற படம் கைப்பேசியில் வர ஆரம்பித்தது. அப்போதும் இந்த அம்மா என்ன நினைத்தார் தெரியுமா? "ஐயோ, பாவம் அந்த ஜனங்கள்."

சாயந்திரம் மில்லைப் பூட்டும்போது கழிவறையில் ஒரு சத்தம். தரையில் தண்ணீர் வடிகிற ஓட்டை இருக்குமே, அதிலிருந்து குளுக் குளுக் என்று. கரப்பான்பூச்சிகள் வரிசையாகச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தன. அவர் என்ன செய்தார்? விளக்குமாற்றால் கரப்பானை அடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அந்தச் சத்தம்தான் முதல் எச்சரிக்கை. வெள்ளம் வாசல் வழியாக வருவதில்லை. பின்னால் இருந்து வரும்.

இரவு பத்தரைக்குப் பக்கத்துக் கடைக்காரர் போன் செய்தார். ஓடினார். கணுக்கால் தண்ணீர். பெரிய மகனை வைத்து மூட்டை தூக்க ஆரம்பித்தார். மேல் மூட்டையை எடுத்து மேசையில் வைப்பார்கள். அதற்குள் அடி மூட்டை ஊறிவிடும். ஊறின மிளகாய் மூட்டையைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? பிணம் கனம் கனக்கும். பதினோரு மணிக்கு முட்டித் தண்ணீர். ஃப்ரீசர் மிதந்தது. ஆமாம், மிதந்தது! உள்ளே நாற்பது தேங்காய் துருவி வைத்திருந்தது. அது சாய்ந்து, கதவை அடைத்துக்கொண்டு கிடந்தது. மகன் ஜன்னல் வழியாகத்தான் வெளியே வந்தான்.

மெயின் சுவிட்சை அதுவரைக்கும் யாரும் அடைக்கவில்லை.

நான் இதை எழுதும்போது எனக்கு இன்னும் உடம்பு நடுங்குகிறது. அந்தப் பையனுக்கு அப்போது பதினேழு வயது. தண்ணீருக்குள் நின்றுகொண்டு மோட்டாரைப் பிடித்து இழுத்திருக்கிறான். தெருவில் கரண்ட் தானாகப் போனதால் பிழைத்தான். சாமி புண்ணியம் என்று அவர் சொல்கிறார். சரி, இருக்கட்டும். நீங்கள் சாமியை அந்த அளவுக்குச் சோதிக்காதீர்கள்.

இரண்டு நாள் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு ஊரெல்லாம் சுவரில் சேற்றுக்கோடு. இவர் கடையில் மட்டும் மஞ்சள் கோடு. மஞ்சள் மூட்டைகள் கரைந்து, நாலு சுவரிலும் இடுப்பளவுக்கு நேராகக் கோடு போட்டதுபோல் நின்றது. மல்லி ஊதிப் புளித்த நாற்றம். நான் போய்ப் பார்த்தேன். அந்தக் கோட்டைத் தொட்டால் விரலில் ஒட்டியது.

இனிமேல்தான் உண்மையான அடி.

காப்புறுதி இருக்கிறது என்று நினைத்திருந்தார். வருஷா வருஷம் காசு கட்டியவர். ஏஜென்ட் "எல்லாம் கவர்க்கா" என்று சொன்னதை நம்பியவர். பாலிசியைப் பிரித்துப் பார்த்தால் அது தீ காப்புறுதி. வெள்ளம் என்ற சொல்லே அதில் இல்லை. எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். எல்லா நிறுவனத்திலும் நடைமுறை இதுதான், அதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. இந்த நாட்டில் அடிப்படைத் தீ காப்புறுதி நெருப்புக்கும் மின்னலுக்கும், வீட்டு உபயோகக் கேஸ் வெடிப்பதற்கும்தான். வெள்ளத்துக்குத் தனியாகக் கேட்டு, தனியாகக் காசு கட்டிச் சேர்த்தால்தான் உண்டு. காருக்கும் வேனுக்கும் அதே கதை. 'கொம்பிரிஹென்சிவ்' எடுத்திருக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தாதீர்கள். இயற்கைப் பேரிடருக்கான கூடுதல் பாதுகாப்பைச் சேர்க்கவில்லை என்றால், தண்ணீரில் மூழ்கிய வேனுக்கு ஒரு சென் வராது.

இன்னொன்று. கட்டடத்துக்கு உரிமையாளர் போட்ட காப்புறுதி கட்டடத்துக்குத்தான். உங்கள் மிளகாய்க்கு இல்லை. மில்லுக்கும் இல்லை. ஃப்ரீசருக்கும் இல்லை. வாடகைக் கடையில் இருக்கிற நம் ஆட்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது. சரக்கின் மதிப்பைக் குறைத்துக் காட்டி, குறைவாகப் பிரிமியம் கட்டுகிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள். நஷ்டம் வந்தால் அந்த விகிதத்துக்குத்தான் கொடுப்பார்கள் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொள்வார்கள்.

பாலிசியை இன்றே எடுங்கள். 'பஞ்சிர்', அதாவது வெள்ளம் என்ற சொல்லை விரலை வைத்துத் தேடுங்கள். இல்லை என்றால், உங்களுக்குக் காப்புறுதி இல்லை.

மழை கொட்டத் தொடங்கிய பிறகு ஏஜென்டுக்குப் போன் அடித்துப் பயன் கிடையாது. அன்றைக்கு யாரும் சேர்த்துத் தர மாட்டார்கள்.

அடுத்தது 555 புத்தகம். அந்தக் குட்டிப் புத்தகத்தைத் தெரியாத நம் கடைக்காரர் உண்டா? யார் எவ்வளவு பாக்கி, யார் எந்த ஆர்டருக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தார்கள், எல்லாம் அதில்தான். மூன்று புத்தகம் கீழ் டிராயரில் கூழாகிக் கிடந்தது. பேனா மை கரைந்து நீலத்தண்ணீர். பாக்கிக்காரர்களில் சிலர் தாங்களாகவே வந்து கொடுத்தார்கள். அவர்கள் வயிறு நிறையட்டும். மற்றவர்கள்? "எவ்வளவுக்கா, எனக்கு ஞாபகமில்லையே." அவருக்கும் சரியாக ஞாபகமில்லை. ஆனால் முன்பணம் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் நன்றாக ஞாபகமிருந்தது!

உதவித்தொகைக்குப் போனார். வீட்டுக்குக் கொடுத்த ஆயிரம் வெள்ளி கிடைத்தது. வியாபாரத்துக்கு என்று கேட்டால் பதிவுச் சான்றிதழ், உரிமம், சரக்கு வாங்கிய ரசீது, போட்டோ என்று பட்டியல் நீண்டது. வெள்ளத்துக்கு முன் கடை எப்படி இருந்தது என்று ஒரு போட்டோ கூட அவரிடம் இல்லை. பேத்தி பிறந்தநாள் போட்டோ நானூறு இருந்தது.

கடைசியாக, மேல் அடுக்கில் இருந்த எட்டு மூட்டை. நனைந்தும் நனையாத மாதிரி. வெயிலில் காயப்போட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் முழுக்க அந்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். வெள்ளத்தண்ணீரில் என்னவெல்லாம் கலந்திருக்கும்? சாக்கடை, கழிவறை, எலி மூத்திரம், செம்பனைத் தோட்டத்து மருந்து. எட்டு மூட்டையையும் குப்பை லாரியில் ஏற்றிவிட்டார். நான் அவரை மதிப்பதற்கு அந்த ஒரு காரணம் போதும்.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன்.

"அது 2021. நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற மழை என்று அதிகாரிகளே சொன்னார்களே, இனி நம் பேரன் காலத்தில்தானே வரும்?" என்று நேற்றுகூட ஒருவர் என்னிடம் கேட்டார். தம்பி, அதற்கு அர்த்தம் அது இல்லை! ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று அர்த்தம். இந்த வருஷம் வந்தது என்பதால் அடுத்த வருஷம் வராமல் இருக்காது. சென்னையைப் பாருங்கள். 2015 டிசம்பரில் மூழ்கியது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இயந்திரங்கள் திரும்பவும் தண்ணீருக்குள் நின்றன. எட்டே வருஷம்.

நம் பக்கத்தில் மட்டும் என்ன? 2025 நவம்பர் கடைசியில், புயலே வராது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த மலாக்கா நீரிணைக்குள்ளேயே சென்யார் புயல் பிறந்தது. சுமத்ராவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை வாங்கிவிட்டு, திரும்பி நம் மேற்குக்கரைப் பக்கம் வந்தது. கிளந்தான் மழையாம்!

2021 டிசம்பர், 2022 ஜனவரி வெள்ளங்களில் நாடு முழுக்க ஏற்பட்ட நஷ்டம் 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை கணக்குச் சொன்னது. அதில் கடை, வியாபார இடங்களின் நஷ்டம் மட்டும் 50 கோடி வெள்ளி. வாகனங்கள் 100 கோடி. மழையில் போன உயிர்கள் 50க்கும் மேல். 555 புத்தகத்தில் இருந்த பாக்கியை யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

நம் இடத்தின் கூறு தெரியுமா உங்களுக்கு? 'கோல', அதாவது மலாயில் 'குவாலா' என்றால் ஆற்றுமுகம். கோல சிலாங்கூர் என்று சொல்லும்போதே ஆறு கடலில் விழுகிற இடத்தில் இருக்கிறோம் என்று சொல்கிறோம். பழைய தோட்டங்களின் பெயரைப் பாருங்கள்: ரிவர்சைடு தோட்டம், சிலாங்கூர் ரிவர் தோட்டம். வெள்ளைக்காரத் துரை ஒளிக்காமல்தான் பெயர் வைத்திருக்கிறான். புக்கிட் என்றால் குன்று, எங்கள் ஊர்ப் பெயரிலேயே மேடு இருக்கிறது என்று புக்கிட் பெலிம்பிங்காரர்கள் பெருமைப்பட வேண்டாம். தண்ணீர் பெயர்ப்பலகை படிப்பதில்லை. உங்கள் கடை எந்தச் சாக்கடை ஓரத்தில் இருக்கிறது, அந்தச் சாக்கடை எங்கே போய் விழுகிறது, அதுதான் கேள்வி.

அது போய் விழுகிற இடத்தில் ஒரு மதகு இருக்கிறது. கடல் ஏறும்போது, உப்புத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்க மதகை அடைப்பார்கள். அடைத்தால் நம் மழைத்தண்ணீரும் வெளியே போக முடியாது. அந்த நேரத்தில் மழை கொட்டினால்? எங்கே போகும்? உங்கள் கழிவறை ஓட்டை வழியாக உங்களிடமே வரும்.

கடல் எப்போது அதிகமாக ஏறும் என்பதற்கு ஆப் எதுவும் வேண்டாம். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிற தமிழ் நாள்காட்டி போதும். அமாவாசை, பௌர்ணமி. அந்த நாளும் அதை ஒட்டிய இரண்டு மூன்று நாளும் அலை உயரம். நான் பிறகு நாள்காட்டியைத் திருப்பிப் பார்த்தேன். 2021 டிசம்பர் 18 இரவு மில்லுக்குள் தண்ணீர் வந்தது. மறுநாள் 19, மார்கழிப் பௌர்ணமி. விரதம் இருக்க மட்டும் பௌர்ணமி பார்த்தோம், மூட்டையைத் தூக்கி வைக்கப் பார்க்கவில்லை.

இனி அபாயக் குறிகள். கவனமாகப் படியுங்கள். வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டுங்கள்.

கழிவறைத் தரையில் குளுக் குளுக் சத்தம், அல்லது ஊற்றிய தண்ணீர் மெதுவாக வடிவது. காத்திருக்காதீர்கள். அந்த நிமிஷமே சரக்கைத் தூக்க ஆரம்பியுங்கள். மணல் மூட்டையை வாசலில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் அந்த ஓட்டையின் மேல் ஒரு மூட்டையைப் போடுங்கள். வாசல் அப்புறம்.

மழை விட்டும் சாக்கடை இறங்கவில்லை. இன்னும் மோசம், சாக்கடைத் தண்ணீர் எதிர்ப்பக்கமாக நகர்கிறது. மிதக்கிற இலையைப் பாருங்கள், தெரியும். மதகு அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இங்கே வெயில், மலைப்பக்கம் கறுப்பு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சிலாங்கூர் ஆறு பிரேசர் மலை, கோல குபு பாரு பக்கத்தில் இருந்து வருகிறது. ரவாங், பத்தாங் காலி மழையெல்லாம் இதில்தான் சேரும். அங்கே பெய்த மழை இங்கே வந்து சேர நேரமாகும். "விட்டுவிட்டது" என்று கடையைப் பூட்டிவிட்டுத் தூங்கப் போவீர்கள். நடுராத்திரியில் ஆறு வரும்.

கைப்பேசியில் ஆரஞ்சு. வானிலைத் துறை தொடர்மழைக்கு மூன்று நிறம் வைத்திருக்கிறது. மஞ்சள் 'வாஸ்பாடா', ஆரஞ்சு 'பூரோக்', சிவப்பு 'பஹாயா'. சிவப்பு வரட்டும் பார்க்கலாம் என்று இருந்தால், சிவப்பு வரும்போது பாலத்தைத் தாண்ட முடியாது. மஞ்சளுக்குச் சரக்கு மேலே ஏற வேண்டும். ஆரஞ்சுக்கு வேன் மேட்டுக்குப் போக வேண்டும். சிவப்புக்கு நீங்கள் கடையில் இருக்கவே கூடாது. ஆற்று மட்டத்தை வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வெள்ளத் தகவல் பக்கத்தில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். கடையில் சும்மா உட்கார்ந்து சீரியல் பார்க்கிற நேரத்தில் அதைப் பாருங்கள்.

"முப்பது வருஷமா இங்கே இருக்கேன், தண்ணி வந்ததே இல்லை" என்று யாராவது சொன்னால். ஆமாம், இதுவும் அபாயக் குறிதான்! முப்பது வருஷத்துக்கு முன் கடைக்குப் பின்னால் செம்பனை இருந்தது. மண் தண்ணீரைக் குடித்தது. இப்போது அங்கே தாமான் வந்துவிட்டது. சிமெண்டு எதைக் குடிக்கும்?

என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள். காசு அதிகம் ஆகாது, பயப்பட வேண்டாம். லாரிக் கம்பெனிகள் வேண்டாமென்று போடுகிற பேலட் பலகை இருக்கிறதே, அதை இரண்டு அடுக்கு போட்டு அதன்மேல் மூட்டையை வையுங்கள். அடியில் உப்பு, சோப்பு, பாட்டில் எண்ணெய் மாதிரிக் குறைந்த விலைச் சாமான். மேலே மிளகாய், ஏலக்காய், முந்திரி. நம் ஆட்கள் கனமானது கீழே, லேசானது மேலே என்று அடுக்குவார்கள். விலையைப் பார்த்து அடுக்குங்கள்! மோட்டாரை ஒரு கல் மேடை கட்டி அதன்மேல் ஏற்றுங்கள். பிளக் பாயின்ட்டை நெஞ்சளவுக்கு மாற்ற ஓர் எலெக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலைதான். கேஸ் தோங்கைச் சங்கிலி போட்டுச் சுவரோடு கட்டுங்கள். மிதந்து போய் இடிக்கிற தோங் எதைச் செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் 555 புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துப் பிள்ளைக்குப் புலனத்தில் அனுப்பிவிடுங்கள். ரசீதுகளையும், உரிமத்தையும், பதிவுச் சான்றிதழையும் அதே மாதிரி. கடையை உள்ளே சுற்றி ஒரு வீடியோ. சரக்கு தெரிய வேண்டும். வருமான வரிக்காரர்கள் கணக்கை 7 வருஷம் வைத்திருக்கச் சொல்கிறார்கள். வெள்ளம் அடித்துக்கொண்டு போனது என்றால் அதையும் நிரூபிக்க ஏதாவது வேண்டுமல்லவா?

கேட்டரிங் செய்கிறவர்கள், ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: சாலை அடைபட்டால் என்ன செய்வது, முன்பணம் என்ன ஆகும். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நவம்பரில் ஒரு தடவை முகம் சுளிப்பது, டிசம்பரில் கல்யாண மண்டப வாசலில் நின்று சண்டை போடுவதை விட மேல். தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பி வையுங்கள். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்தில் யாரோ ஆற்றில் கழிவைக் கொட்டியதில் நாலு சுத்திகரிப்பு நிலையம் நின்று, 12 லட்சம் இணைப்புகளுக்குத் தண்ணீர் போனது. அத்தனைக்கும் நம்பியிருப்பது இந்த ஒரே ஆறு. மழையில் ஆறு கலங்கினாலும் அதே கதிதான்.

பானைக்காரர்களை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. கோல சிலாங்கூர்ப் பக்கம் நம் குயவர் குடும்பங்கள் இன்னும் மண்பானை செய்கிறார்கள். பொங்கல் பானைக்கு மண் காய்வது நவம்பர், டிசம்பரில். சரியாக மழை நாளில். சுட்ட பானை தண்ணீரில் கிடந்தாலும் கழுவி எடுக்கலாம். சுடாத பானையில் தண்ணீர் பட்டால் அது திரும்ப மண். இரண்டு மாத உழைப்பு ஒரு ராத்திரியில் சேறாகிவிடும். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சூளையைக் காத்திருக்க வைக்காதீர்கள். காய்ந்த வரைக்கும் அவ்வப்போது சுட்டுவிடுங்கள்.

தண்ணீர் வந்துவிட்டால்? மெயின் சுவிட்சை அடையுங்கள். தண்ணீர் சுவிட்சை எட்டும் முன்பே, உங்கள் கால் காய்ந்திருக்கும்போதே. தண்ணீரில் நின்றுகொண்டு அடைக்காதீர்கள். பிறகு கிளம்புங்கள். சரக்கு போனால் சம்பாதிக்கலாம் என்று நான் வசனம் பேசப் போவதில்லை. சம்பாதிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் முட்டித் தண்ணீரே ஓடும்போது ஆளைத் தள்ளும். அதைவிடக் குறைந்த தண்ணீரிலேயே சின்னக் கார் நகர ஆரம்பித்துவிடும். 999க்குக் கூப்பிடுங்கள். துயர் துடைப்பு மையம் எந்தப் பள்ளி, எந்த மண்டபம் என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருங்கள்.

கரண்ட் போனால் ஃப்ரீசரைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மூடியே இருந்தால் குளிர் நிற்கும். சாதாரணக் குளிர்பெட்டியில் இருப்பது நாலு மணி நேரம்தான். ஜெனரேட்டரைக் கடைக்குள் வைத்து ஓட்டவே ஓட்டாதீர்கள். அதன் புகையில் இருக்கிற நச்சுவாயு கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தூக்கத்திலேயே முடித்துவிடும்.

வடிந்த பிறகு ஒன்றும் தொடாமல் முதலில் போட்டோ. சேற்றோடு, கோட்டோடு. பிறகு போலீஸ் புகார். பிறகுதான் விளக்குமாறு. வெறுங்காலோடு சேற்றில் இறங்காதீர்கள். எலி மூத்திரக் காய்ச்சல் காலில் இருக்கிற சின்னக் கீறல் வழியாக ஏறும். ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி வந்தால் டாக்டரிடம் "வெள்ளத்தில் நின்றேன்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் பனடோல் விழுங்கிக்கொண்டு வீட்டில் படுக்காதீர்கள். வெள்ள உதவி என்று சொல்லி ஒரு லிங்க் வரும், வங்கி எண் கேட்கும். அழுத்தாதீர்கள். அழுத்தித் தொலைத்துவிட்டால் உடனே 997.

அந்த மில் அம்மா? மில்லைத் திரும்பத் திறக்கவில்லை. மோட்டாரைப் பழைய இரும்புக்குப் போட்டார். இப்போது மாடி வீட்டில் வைத்து முறுக்கு சுடுகிறார், ஆர்டர் வந்தால் மட்டும். அந்தக் கடையில் கைப்பேசி விற்கிறார்கள்; இரண்டு தடவை பெயின்ட் அடித்தும் ஒரு மூலையில் அந்த மஞ்சள் எட்டிப் பார்க்கிறதாம்.

வருஷா வருஷம் தீபாவளி முடிந்த வாரம் எனக்குப் போன் செய்வார். பலகாரம் எப்படி, பிள்ளைகள் எப்படி என்றெல்லாம் கேட்பதில்லை. ஒரே கேள்விதான்.

"அக்கா, மூட்டை தரையிலா, பலகையிலா?"

போன வருஷம் அவர் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. அரிசி பதினான்கு மூட்டை, எல்லாம் தரையில் இருந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே முதல் மூட்டையைப் பிடித்து இழுத்தேன். அந்தப் பக்கத்தில் இருந்து அவர், "முதுகைப் பார்த்துக்கா, தம்பியைக் கூப்பிடு," என்றார்.